பனங்காட்டு ருசி

ஒரு மரத்தின் மணம் அடுக்களைக்குள் புகுந்து, உணவில் ஏறி, காலக்கிரமத்தில் ஒரு பிரதேசத்தின் ருசியாகவே நிலைபெற்றுவிடுவதை உலகத்தின் பல தேசங்களில் காண்கிறோம். ஐரோப்பாவின் வடபகுதியிலும் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலும் கனடாவின் காடுகளிலும் அவ்விதம் மணம் தந்துவருவது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். பனி உருகி வெயில் ஏறும் மே மாதத்தில் அதன் கிளை நுனிகளில் எலுமிச்சையின் புளிப்பும் பிசினின் உறைப்பும் கலந்த இளந்தளிர்கள் வெளிப்பட, அவற்றைக் கிள்ளி வந்து சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்குவதும் பானங்களில் ஊறவைப்பதும் அங்குள்ள குடியானவர்களின் பருவகால வழக்கம். நம் நாட்டில் இமயச் சாரலைத் தவிர வேறிடத்தில் இயற்கையாக வளராத அந்த மரத்தின் ஸ்தானத்தை, தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையில் வகித்து வருவது பனை. பனையின் சாறு இனிப்பைத் தருகிறது. அதன் ஓலை வாசனையைத் தருகிறது. அதன் மட்டையும் காய்ந்த ஓலையும் எரிந்தெழும் புகை இவ்விரண்டோடும் சேர்ந்து, இக்கரையில் பிறந்தவர்கள் எத்தேசம் சென்றாலும் நாவினின்று நீங்காத ஒரு ருசியை உண்டாக்குகிறது. ஆயினும் அந்த ருசி மரத்தில் தானாக விளைவதன்று. பருவம் தவறாமல் மரமேறும் மனிதரும் பதம் தவறாமல் காய்ச்சும் பெண்களும் சேர்ந்து உண்டாக்குவது. ஆகையால், மரங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ருசி மறைந்துபோகக்கூடும் என்பதே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் விஷயம்.

தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வடக்கே, உப்பளங்களையும் கடலையும் அடுத்து அமைந்திருக்கும் தருவைகுளம், வழிவலை கொண்டு ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்களால் பெயர் பெற்ற ஊர். அதன் எதிரே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவைப் பற்றி, அதாவது தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் உட்கொண்டு 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் கடலைப் பற்றி, எழுதியவர்கள் பலர். அதே கரையின் முதுகுப்புறமாக, வடக்கே வைப்பாறு, வேம்பார் வழியாகச் சாயல்குடி வரைக்கும், தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வரைக்கும் விட்டுவிட்டுத் தொடரும் பனங்காட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வனம் என்ற சொல்லுக்கு அடர்ந்த நிழலையும் ஓயாத நீரோட்டத்தையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது வனமாகவே தோன்றாமல் போகலாம். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டரை ஒட்டிய மழையே பெறும் பூமி இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து பெய்து முடிந்துவிட, எஞ்சிய மாதங்களை வெயிலும் உப்புக்காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட குதிரைமொழித் தேரி முதலிய செம்மணல் மேடுகளிலோ, ஆடி மாதத்து மேல்காற்றில் மணலே இடம்பெயர்ந்து நடக்கிறது. இத்தகைய நிலத்தில் வேர்விட்டு, 100 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்ந்து, 30 மீட்டர் உயரம் வரைக்கும் நிமிர்ந்து நிற்கக்கூடிய விருட்சம் பனையன்றி வேறொன்றைச் சொல்வதற்கில்லை. அதற்குத் துணையாக நிற்பது, தலை தட்டையாகப் படர்ந்த உடைமரம். புல் கருகிய கோடையில் அதன் நெற்றுகளைத் தின்றே இப்பக்கத்து வெள்ளாடுகள் பிழைக்கின்றன. தேரிப் பகுதிகளில் கொல்லாமரங்களும் உண்டு.

இக்காட்டின் வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, மாசியில் பிறக்கிறது. குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கும் அம்மாதத்தில் பனையேறிகள் மரத்தில் ஏறி, காய்ந்த ஓலைகளையும் பன்னாடைகளையும் கழித்து, வெளிவரும் பாளைகளைப் பக்குவப்படுத்துகிறார்கள். ஆண் மரமாகிய அலகுப்பனையின் பாளைக்கும் பெண் மரமாகிய பருவப்பனையின் பாளைக்கும் பக்குவம் வெவ்வேறு. இன்ன பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் எத்தனை நாள், எவ்வளவு அழுத்தத்தோடு நசுக்க வேண்டும், எப்போது நாரால் கட்ட வேண்டும், எந்த நாளில் நுனியை முதன்முதலாகச் சீவ வேண்டும் என்பனவெல்லாம் கைக்குத்தான் தெரியும். அழுத்தம் மிகுந்தால் பாளை வாடிவிடும். குறைந்தால் சாறு ஊறாது. பக்குவம் கூடிய பின், காலையும் மாலையும் பாளை அரிவாளால் நுனியை மெல்லிய பிசிராகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டிவைக்க, சொட்டுச் சொட்டாக ஊறி நிறைவதே பதநீர்; இக்கரை மக்களின் பேச்சில் பதனி, பயினி. கால்களைப் பிணைக்கும் தளைநாரும், மரத்தில் சாய்த்துவைத்து முதல் ஏற்றத்துக்கு உதவும் முருக்குத்தடியும், இடுப்பில் தொங்கும் அரிவாள்பெட்டியும் கொண்டு, ஒருவர் ஒரு நாளில் 40, 50 மரங்களை இருவேளையும் ஏறி இறங்குவது இத்தொழிலில் சாதாரணம். கூட்டிப் பார்த்தால் அது தினமும் ஒரு மலையேறி இறங்குவதற்கு ஒப்பான உழைப்பு. அதனைப் பங்குனி முதல் ஆடி வரைக்கும் விடுமுறை இல்லாமல் செய்தாக வேண்டும், ஏனெனில் ஒருநாள் சீவாது விட்ட பாளையின் வாய் அடைந்துவிடும்.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதில்தான் இந்த உணவு மரபு முழுவதும் அடங்கியிருக்கிறது. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருப்பதால், காற்றிலிருந்து வந்து சேரும் நுண்ணுயிர்கள் வெயில் ஏறுவதற்குள் அதனைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு, மிகுந்தால் கரிப்பு. விடியற்காலையில் இறக்கிய பதநீரைக் குடிக்கப் பாத்திரம் எதுவும் தேவையில்லை. ஓலையைக் கோலிப் பட்டையாகப் பிடித்து, அதில் வார்த்துக் குடிப்பதே வழக்கம். சித்திரை, வைகாசியில் இளநுங்கை அதில் நழுவவிட்டும், மாங்காய் கிடைக்கும் நாளில் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டும் பருகுவார்கள். பச்சைப் பட்டையின் மணம் பதநீரில் இறங்கினால்தான் அது பதநீர் என்று சாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் வாங்கிக் குடித்துப் பார்த்தால், அவர்கள் சொல்வது பிடிவாதமன்று என்று விளங்கும்.

பதநீர் கருப்பட்டியாகும் இடம் விடிலி. காட்டுக்குள்ளேயே பனையோலையால் வேய்ந்து கட்டிய தாழ்ந்த குடிசை அது. பருவ காலத்தில் பல குடும்பங்கள் ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து இதிலேயே ஜீவித்தன. ஏறுவது ஆண்களின் வேலை. காய்ச்சுவது பெண்களின் வேலை. பனையைப் பற்றிய நூல்களில் ஏறுபவர்களுக்குக் கிடைத்த இடத்தில் பத்திலொரு பங்குகூடக் காய்ச்சுபவர்களுக்குக் கிடைக்கவில்லை. ருசியைப் பற்றி ஆராய்பவனுக்கோ அவர்களே முதன்மையானவர்கள். வடிகட்டிய பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஏற்றி, மட்டையையும் காய்ந்த ஓலையையும் உடை விறகையும் அடுப்பில் தள்ளி, மணிக்கணக்கில் அனல் குறையாமல் காத்து நிற்கையில், ஒரு கட்டத்தில் நுரை பொங்கி விளிம்பைத் தாண்டப் பார்க்கும். அப்போது ஆமணக்கு விதையை நசுக்கித் துளி இட்டால் பொங்கியது அடங்கிவிடும். சற்றே திரண்டு தேனின் பதத்துக்கு வரும் நிலையிலுள்ள பாகு கூப்பனி எனப்படும். அதை எடுத்துவைத்துக் குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் கொடுப்பதுண்டு. மேலும் காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரளும் பதம் வந்ததும் இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் அரைக்கோள வடிவில் கருப்பட்டி தயார். அதுவே சுக்கும் ஏலமும் சேர்ந்து சிறு வில்லைகளாக வார்க்கப்பட்டால் சில்லுக்கருப்பட்டி. பாகைப் பானைகளில் ஊற்றி நூலைத் தொங்கவிட்டு 40 நாள் வரை அசைக்காமல் வைத்திருந்தால், நூலைப் பற்றிக்கொண்டு படிகம் படிகமாக வளர்வது பனங்கற்கண்டு.

இந்தக் கருப்பட்டியில் உள்ள ருசி வெறும் இனிப்பன்று. சர்க்கரை அனலில் கருகும் எல்லையைத் தொட்டுத் திரும்புவதால் உண்டாகும் இலேசான கசப்பும், சுண்ணாம்பின் சாயலும், திறந்த அடுப்பின் புகையும் அதில் கலந்திருக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்கும் வேம்பார்க் கருப்பட்டிக்கும் உள்ள வேறுபாட்டை இருட்டிலும் சொல்லிவிடும் மூதாட்டிகள் இப்பகுதியில் இருந்திருக்கிறார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெயருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு பண்டத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனெனில் சந்தையில் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்த கலப்படக் கருப்பட்டி மிகுந்துவிட்டது. கலப்படத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைச் சாலை தேவையில்லை என்பார்கள் பழகியவர்கள்: உடைத்தால் உட்புறம் பளபளவென்று மின்னுவதும், நாவில் வைத்தவுடன் உப்பின் சாயல் இல்லாமல் ஒரே வீச்சில் தித்திப்பதும் சந்தேகத்துக்குரியவை.

ஓலை தரும் ருசிக்கு வருவோம். கார்த்திகைத் தீபத்தன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பது தொன்றுதொட்டு வரும் சம்பிரதாயம். வறுத்த பச்சரிசி மாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும், சில வீடுகளில் சிறுபயறும், ஏலமும் சுக்கும் சேர்த்துப் பிசைந்து, இளங்குருத்தோலையின் மடிப்புக்குள் நீளவாட்டில் அடைத்து, மற்றொரு ஓலையால் மூடி நாரால் கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்து இறக்கிக் கட்டை அவிழ்க்கும்போது, மாவின் மேல் ஓலையின் வரிகள் பதிந்திருப்பதோடு, மழைக்குப் பின்னான பனங்காட்டின் பச்சை வாசனையும் அதில் ஏறியிருக்கும். ஓலை தின்னப்படுவதில்லை, ஆயினும் ஓலை இல்லாமல் தட்டில் வைத்து அவித்த அதே மாவு வேறொரு பண்டமாகிவிடுகிறது. இதற்கு நேர் இணையான வழக்கம் ஒன்று பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள ஜுரா மலைப்பிரதேசத்தில் இருப்பது ஆராய்ச்சியாளருக்கு ஆனந்தம் தரும் செய்தி. இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் அங்கே உண்ணப்படும் வாஷ்ரேன் மோந்தோர் என்னும் மென்மையான பாலாடைக்கட்டியை, ஸ்புரூஸ் மரத்தின் உட்பட்டையிலிருந்து உரித்த நாடாவால் சுற்றிக் கட்டுகிறார்கள். கட்டி குழைந்து சரியாமல் தாங்குவதற்கென்று ஏற்பட்ட அந்த நாடா, நாளடைவில் காட்டின் பிசின் மணத்தை அதற்குள் செலுத்திவிட, இன்று அந்த மணமே அப்பண்டத்தின் அடையாளம். தாங்குவதற்குக் கட்டிய பொருளே ருசியாகிவிட்டது என்பதில் ஜுரா மலையின் இடையர்களும் நம் தென்கரைப் பெண்களும் ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள்.

கார்த்திகைக்குள் காட்டின் மற்றொரு வேலை மண்ணுக்கடியில் நடந்துகொண்டிருக்கிறது. ஆடி, ஆவணியில் பழுத்து விழும் பனம்பழங்களைச் சுட்டும் அவித்தும் தின்ற பின், கொட்டைகளைச் சேர்த்து மணற்பாத்தியில் நெருக்கமாகப் பரப்பி வைப்பார்கள். பனையின் விதை முளைக்கும் விதம் விசித்திரமானது: முளை மேல்நோக்கிக் கிளம்பாமல் பூமிக்குள் இறங்கி, ஆழத்தில் சென்று, அங்கே மாவுச்சத்தைச் சேமித்துக் கிழங்காகப் பருக்கிறது. மார்கழிக் கடைசியில் அதைத் தோண்டியெடுத்து அவித்தால் பனங்கிழங்கு. தைப்பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் எப்படியோ அப்படியே இப்பகுதியில் பனங்கிழங்கும். பிளந்த கொட்டைக்குள் பஞ்சுபோல் இருக்கும் தவுண் பிள்ளைகளின் பங்கு. கடலுக்கு அக்கரையிலுள்ள யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதே கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, அந்த மாவில் மீனும் நண்டும் கீரையும் சேர்த்து ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்கள். பழத்தின் களியை வெயிலில் உலர்த்திப் பனாட்டு செய்கிறார்கள். கடலுணவும் பனையுணவும் ஒரே பானையில் கூடும் அந்தக் கூழ் இக்கரையில் ஏன் வழக்கில் நிலைக்கவில்லை என்பது தனியே ஆராயத் தக்கது.

ஆயினும் இக்கரையிலும் கடலும் காடும் பிரிந்து நிற்கவில்லை. விடியலுக்கு முன் கடற்கரையில் கொதிக்கும் கருப்பட்டிக் காப்பியும், சுக்கு தட்டிப் போட்ட கசாயமும் கடல் தொழிலோடு ஒன்றியவை. மீனும் உப்பும் கருவாடும் சுமந்த பெட்டிகளும் கடகங்களும் பனையோலையில் முடைந்தவை. மட்டையிலிருந்து உரித்த தும்பு, துலக்கிகள் செய்வதற்கென்று தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1530களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பரதவர்களின் இக்கரையூர்களில், பங்குனி வெயிலில் வரும் குருத்து ஞாயிற்றன்று ஜனங்கள் கையில் ஏந்திப் பவனி வருவதும் ஓலைக்குருத்தைத்தான். பெயர் பெற்ற முத்துக்குளிப்போ 1961க்குப் பின் நடைபெறவில்லை. முத்து தந்த கீர்த்தி நூல்களில் நிலைத்துவிட, பனை தந்த அன்றாட உணவு எழுத்தில் ஏறாமலே வந்திருக்கிறது.

எழுத்தில் ஏறியவையும் இல்லாமலில்லை. 1850இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூல் வெளியிட்ட வில்லியம் பெர்குசன், பனையின் 801 பயன்களைக் கூறும் தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுளை உலகுக்கு எடுத்துக்காட்டினார். 1841 முதல் இடையன்குடியில் தங்கியிருந்த கால்டுவெல், 1849இல் எழுதிய நூலில் தேரிக்காட்டுப் பனைத்தொழிலை விவரித்தார். தொழிலைப் பற்றி அவர் கண்டெழுதியவை பயனுள்ளவை, பனையேறும் சமூகத்தைப் பற்றி அவர் செய்த நிர்ணயங்கள் அச்சமூகத்தாராலேயே நியாயமாகக் கண்டிக்கப்பட்டவை. 1934இல் காந்தியடிகளின் ஆதரவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியாக, கஜானன் நாயக்கும் ஜே. சி. குமரப்பாவும் பனைவெல்லத்துக்காக வாதாடினார்கள்: கரும்பு நல்ல நிலத்தையும் பாசன நீரையும் கேட்கிறது, பனையோ தரிசில் நின்று இனிப்பைத் தருகிறது என்ற அவர்களுடைய வாதத்துக்கு இன்றளவும் மறுப்பு ஏதும் எழவில்லை. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, கள்ளை விட்டுப் பதநீரின் பக்கம் பனையேறிகளைத் திருப்பியதோடு, கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரிகளின் வருகையையும் காட்டுக்குள் கொண்டுவந்தது. கௌரவமான ஒரு தொழில் சந்தேகத்துக்குரியதாக நடத்தப்பட்டதன் வடு பல குடும்பங்களில் தலைமுறை கடந்தும் ஆறவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து வேறு தொழிலுக்கு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே கனடாவின் சரித்திரத்திலிருந்து ஒரு சம்பவத்தை நினைப்பது தகும். 1535-36ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் நகரத்தின் அருகே பனியில் சிக்கிக்கொண்ட ழாக் கார்த்தியே என்னும் பிரெஞ்சு மாலுமியின் கூட்டத்தார் 110 பேரில் 25 பேர் வரை ஈறு அழுகும் நோயால் மாண்டார்கள். டோமகாயா என்ற உள்நாட்டுக்காரர், அனெடா என்று தம் மக்கள் அழைத்த ஒரு பசுமை மாறா மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கக் கற்பித்த பிறகே எஞ்சியவர்கள் பிழைத்தார்கள். அது எந்த மரம்? ஸ்புரூஸ் என்பார் சிலர், வேறு ஊசியிலை மரம் என்பார் சிலர். ஏறக்குறைய 500 ஆண்டுகளாக அறிஞர்கள் வாதித்தும் முடிவு காணவில்லை. அந்தக் காடு இன்றும் பசுமையாக நிற்கிறது. அறிந்து சொன்ன மக்களின் வாழ்வு குலைந்ததனால், மரம் இருந்தும் அதைப் பற்றிய ஞானம் அறுந்துபோயிற்று.

நம் கரையில் நிகழ்ந்துகொண்டிருப்பது அத்தன்மையதே. செங்கற்சூளைகளுக்காகப் பனைகள் வெட்டி வீழ்த்தப்பட்டது உண்மை. அதைத் தடுக்க, ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதும், குளக்கரைகளிலும் சாலையோரங்களிலும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பனங்கொட்டைகளை ஊன்றி வருவதும் போற்றத் தக்கவை. ஆனால் இன்று ஊன்றிய கொட்டை பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். அன்று அதில் ஏறுபவர் யார், இறக்கியதைக் காய்ச்சுபவர் யார் என்ற கேள்விக்கு ஊன்றுபவர்களிடம் விடை இல்லை. ஏறாத பனைகள் இப்போதே ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நுங்குக்கு வெட்டுவதோடு அவற்றின் வருஷம் முடிந்துவிடுகிறது. மரமேறும் கருவிகள் உயரத்தின் அபாயத்தைச் சிறிது குறைக்கக்கூடும். பாளையின் பக்குவத்தை அவை அறியமாட்டா. ஆகவே கொட்டைக்குச் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்கேனும் கைப்பழக்கத்தைக் கற்பிப்பதில் செலவிடப்பட வேண்டும்: பருவம் முழுவதற்கும் உதவித்தொகை, விழுந்து அடிபட்டால் குடும்பத்தைக் காக்கும் காப்பீடு, காய்ச்சும் பெண்களையும் தொழிலாளர்களாக ஏற்கும் பதிவு, கலப்படமற்ற சரக்குக்கு நியாயமான விலை ஆகியவை அதன் முதற்படிகள். கற்க வருகிறவர் மாசியிலேயே வந்தாக வேண்டும். ஆனியில் வருகிறவர் ஓடுகிற பாளையைச் சீவக் கற்கலாமேயன்றி, பாளையை ஓடவைக்கும் வித்தைக்கு அடுத்த மாசி வரைக்கும் காத்திருக்க நேரிடும்.